கடலடிப் பாறைகளில் ஸ்பைனல் மணிகள்

முத்துக்குளித்துறையைச் சார்ந்து வாழும் நமக்குக் கடலடிச் செல்வம் என்றவுடன் முத்தும் சங்குமே நினைவிற்கு வருவது இயல்பு. கொற்கை துறைமுகமாய் விளங்கிய நாள்தொட்டுத் தூத்துக்குடி தலையெடுத்த காலம் வரை இக்கரையின் புகழ் சிப்பியின் வயிற்றிற் பிறந்த மணியைப் பற்றியே நின்றது. ஆயின், சிப்பி வாழும் பார்களுக்கு மிக அப்பால், ஆழ்கடலின் அடியிலுள்ள கரும்பாறைகளில் வேறொரு மணி உண்டு. அது குளியாளியின் கைக்கு எட்டாது. வியாபாரியின் தராசிலும் ஏறாது. பெரும்பாலும் கடுகினும் சிறிதாய், நுண்ணோக்கியின்றிப் புலப்படாததாய் இருப்பது. எனினும், பூமியின் உட்பகுதி எவ்வளவு உருகிற்று, உருகியது எவ்விதம் குளிர்ந்தது, பின்னர்க் கடல்நீர் அதனை எவ்வாறு மாற்றிற்று என்னும் செய்திகளைத் தன்னுட் பொதிந்து வைத்திருப்பது அதுவே. அதன் பெயர் ஸ்பைனல். அதன் இரசாயன அமைப்பையும், ஒரே மணியில் நடுப்பகுதி ஒரு விதமாகவும் ஓரம் வேறு விதமாகவும் அமைவதன் காரணத்தையும் இக்கட்டுரையில் இயன்ற அளவு விளக்க முற்படுகின்றோம்.

பெயரும் குடும்பமும்

செந்நிற ஸ்பைனலை இரத்தின வியாபாரிகள் நெடுங்காலம் மாணிக்கம் என்றே மயங்கி வந்தனர். இங்கிலாந்து அரசரின் முடியிற் பதிக்கப்பெற்று, 'கறுப்பு இளவரசனின் மாணிக்கம்' என்று பெயர் பெற்ற கல்லும் உண்மையில் ஸ்பைனலே. இரண்டிற்கும் சிவப்பு நிறத்தைத் தருவது சிறிதளவு குரோமியம். ஆனால் மாணிக்கம் அலுமினியமும் பிராணவாயுவும் மட்டுமே சேர்ந்த பொருள். ஸ்பைனலில் இவற்றுடன் மக்னீசியமும் கூடியிருக்கும். மாணிக்கம் நீரைப்போல் ஏறக்குறைய 4 மடங்கு கனமுடையது; ஸ்பைனல் 3.6 மடங்கு. மாணிக்கத்தினுட் புகும் ஒளி இரண்டாகப் பிரியும், ஸ்பைனலினுட் பிரியாது. மன்னார்க் கடலுக்கு அக்கரையில், இலங்கையின் இரத்தினபுரிப் பகுதியிலுள்ள சரளை மண்ணில் இவ்விரு கற்களும் அடுத்தடுத்தே கிடைக்கின்றன. ஆதலால் இம்மயக்கம் நேர்ந்தது வியப்பன்று.

தூய ஸ்பைனலில் மக்னீசிய அணு ஒன்றுக்கு அலுமினிய அணு இரண்டும் பிராணவாயு அணு நான்கும் உள்ளன. நிறைக்கணக்கிற் பார்ப்பின், நூற்றுக்கு 28.3 பங்கு மக்னீசிய ஆக்ஸைடும், 71.7 பங்கு அலுமினிய ஆக்ஸைடும் ஆகும். இவ்வணுக்கள் அடுக்கப்பட்டுள்ள முறையை 1915-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் ஹென்றி பிராக் என்பாரும், ஜப்பானில் நிஷிகாவா என்பாரும் எக்ஸ் கதிர்களின் துணையால் தனித்தனியே கண்டறிந்தனர். பிராணவாயு அணுக்கள் நெருங்கி அடுக்கி நிற்க, அவற்றிடையே இருவகை இடைவெளிகள் அமைகின்றன. நான்கு பிராணவாயு அணுக்கள் சூழ்ந்தது சிறிய அறை. ஆறு சூழ்ந்தது பெரிய அறை. 32 பிராணவாயு அணுக்கள் கொண்ட ஒரு கட்டத்தில் சிறிய அறைகளில் எட்டும் பெரிய அறைகளிற் பதினாறும் உலோக அணுக்களுக்குக் குடியிருப்பாகின்றன.

இவ்வீட்டின் விசேஷம் யாதெனில், சுவர் மாறாமலே குடியிருப்போர் மாறலாம். மக்னீசியத்தின் இடத்தில் ஈரிணைப்பு இரும்பு வரலாம்; அலுமினியத்தின் இடத்தில் குரோமியமோ மூவிணைப்பு இரும்போ வரலாம். இரும்பும் குரோமியமும் நிரம்பினால் அது குரோமைட்டு. முழுவதும் இரும்பேயாயின் மாக்னடைட்டு. இரும்புடன் டைட்டானியம் சேர்ந்தால் உல்வோஸ்பைனல். இவையனைத்தும் ஒரு குடும்பத்தார். இயற்கையிற் கிடைக்கும் மணி பெரும்பாலும் இவற்றுள் எதுவும் தனித்ததன்று. பலவும் கலந்த கலப்பேயாகும். எந்த உலோகம் எவ்வளவு கலந்தது என்பதே அம்மணி பிறந்த இடத்தின் முத்திரை.

இக்குடும்பத்தாரில் ஒருவரைக் காண மாணவர் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. நம் கடற்கரையிலே கருமணல் படிந்துள்ள இடத்தில் உலர்ந்த மணலினுள் ஒரு காந்தத்தை இழுத்தால், அதன் முனையில் மயிர்போற் சிலிர்த்து ஒட்டிக்கொள்ளும் கருந்துகள்கள் பெரும்பாலும் மாக்னடைட்டே. அத்துகள்கள் நிலத்துப் பாறைகள் கரைந்து ஆறுகள் கொணர்ந்து சேர்த்தவை. நம் பேச்சிற்குரிய ஆழ்கடல் மணிகளுக்கு அவை உறவினர் மட்டுமே.

பாரும் ஆழ்கடலும்

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவாக அறிதல் வேண்டும். தூத்துக்குடிக்கு எதிரே சிப்பிகள் வாழும் பார்கள் பத்துப் பன்னிரண்டு பாக ஆழத்தில் உள்ள திட்டுகள். அவை அமைந்த கடலடி, நம் நிலத்தின் தொடர்ச்சியே. நீர் மூடிய நிலம் என்று அதனைச் சொல்லலாம். உண்மையான கடலடிப் பாறை வேறு. அது நிலத்தினின்று பெற்றதன்று. பெருங்கடல்களின் நடுவே ஓடும் மலைத்தொடர்களில், பூமியின் உட்பகுதியிலிருந்து உருகி எழுந்த குழம்பு உறைந்து புதிதாய்ப் பிறப்பது. மேலே பசால்ட்டு என்னும் கருங்கல். அதன்கீழ் அதே குழம்பு மெல்லக் குளிர்ந்த காப்ரோ. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய ஆறு ஏழு கிலோமீட்டர் கனம். அதற்கும் கீழே, குழம்பைக் கொடுத்துவிட்டு எஞ்சி நின்ற பெரிடோட்டைட்டு என்னும் பச்சைநிறப் பாறை. நாம் சொல்லவந்த ஸ்பைனல் இம்மூன்றிலும் காணப்படினும், பெரிடோட்டைட்டில் உள்ளதே மிகுதியாகப் பேசவல்லது.

நமக்கு அணித்தாயுள்ள அத்தகைய மலைத்தொடர், மாலத்தீவுகளுக்கு மேற்கே, தூத்துக்குடியிலிருந்து ஏறக்குறைய 1,500 கிலோமீட்டருக்கு அப்பால் அரபிக்கடலில் ஓடும் கார்ல்ஸ்பர்க் தொடராகும். 1928 முதல் 1930 வரை உலகைச் சுற்றிய 'டானா' என்னும் டென்மார்க்கு நாட்டுக் கப்பலின் யாத்திரையில் அது அறியப்பட்டது; அந்த யாத்திரைக்குப் பொருளுதவிய கார்ல்ஸ்பர்க் நிதியத்தின் பெயரே அதற்கு இடப்பட்டது. பின்னர் 1933-34-இல், இந்திய விலங்கியல் ஆராய்ச்சித் துறையின் தலைவராயிருந்த ஸீமோர் ஸெவெல் தலைமையில், 'மபாஹிஸ்' என்னும் எகிப்து நாட்டுக் கப்பல் அங்குச் சென்று கடலடியினின்று பசால்ட்டுக் கற்களை வாரி எடுத்தது. நம் குளியாளி கல்லின் துணையால் இறங்கிக் கூடையிற் சிப்பியை அள்ளுவதுபோல, கப்பலும் இரும்புக் கயிற்றில் ஓர் இரும்புப் பையைக் கட்டி இறக்கி, மலைச்சரிவில் இழுத்துக் கல்லை அள்ளும். குளியாளி கண்ணாற் கண்டு எடுக்கிறான். கப்பல் குருடன்போல் தடவி எடுக்கிறது. இதுவே வேற்றுமை.

இத்தொடரில் கடலடி இருபுறமும் ஆண்டொன்றுக்கு மொத்தம் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் வீதம் விலகுகின்றது. இது மெதுவான நடை. நடை மெதுவாயிருக்கும் இடங்களில் குழம்பு குறைவாகவே எழும். பாறை வெடித்துச் சரிந்து, ஆழத்திலிருந்த பெரிடோட்டைட்டே கடலடியில் வெளிப்பட்டு நிற்பதும் உண்டு. இந்து மகாசமுத்திரத்தின் மலைத்தொடர்கள் இவ்வகையில் ஆராய்ச்சியாளருக்குப் பெருங்கொடையாகும்.

குரோமியக் கணக்கு

பெரிடோட்டைட்டு உருகத் தொடங்கும்போது அதன் எல்லாப் பொருள்களும் ஒரே அளவிற் குழம்பிற் சேர்வதில்லை. அலுமினியம் குழம்பை விரும்பி வெளியேறும். குரோமியம் திடப்பொருளை விட்டு நீங்காது. ஆகவே உருகுதல் மிகுந்தோறும், எஞ்சிய பாறையிலுள்ள ஸ்பைனலில் அலுமினியம் குறைந்து குரோமியத்தின் பங்கு ஏறும். குரோமிய அணுக்களின் தொகையை, குரோமியமும் அலுமினியமும் சேர்ந்த தொகையால் வகுத்துவரும் எண்ணைக் குரோமிய விகிதம் என்போம். இவ்வெண்ணே உருகுதலின் அளவுகோல். 1965-ஆம் ஆண்டிலும் 1967-ஆம் ஆண்டிலும் இர்வின் என்பார், ஸ்பைனல் பாறையின் பிறப்பைக் காட்டும் குறியாகும் என்பதனை விரிவாக எடுத்துரைத்தார். 1984-இல் டிக், புல்லன் என்னும் இருவர் பல கடல்களின் பெரிடோட்டைட்டுகளை ஒப்பிட்டு, நடுக்கடல் மலைத்தொடர்ப் பாறைகளில் இவ்விகிதம் 0.60-ஐக் கடப்பதில்லை என்று காட்டினர். அதனைக் கடந்த மணிகள் வேறு சூழ்நிலையிற் பிறந்தவை என ஐயுறுதற்கு இடமுண்டு.

2001-ஆம் ஆண்டில் ஹெல்லபிராண்டும் அவர்தம் கூட்டாளிகளும், மத்திய இந்து மகாசமுத்திரத் தொடரினின்று எடுத்த கற்களை ஆராய்ந்து, இவ்விகிதத்திலிருந்து உருகுதலை நேரே கணிக்கும் சூத்திரம் ஒன்றை வகுத்தனர். குரோமிய விகிதத்தின் இயற்கை மடக்கையைப் பத்தாற் பெருக்கி, அதனுடன் 24-ஐக் கூட்டினால், பாறை நூற்றுக்கு எத்தனை பங்கு உருகிற்று என்பது கிடைக்கும். விகிதம் 0.2 ஆயின் உருகியது ஏறக்குறைய 8 பங்கு, 0.4 ஆயின் ஏறக்குறைய 15 பங்கு. இச்சூத்திரம் 0.1 முதல் 0.6 வரையிலுள்ள விகிதங்களுக்கே பொருந்துவது. ஒரு கடுகளவு மணியைக் கொண்டு, பல கிலோமீட்டர் ஆழத்தில் நிகழ்ந்த உருகுதலை அளத்தல், பானைச்சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் பழமொழிக்குச் சிறந்த இலக்கியமன்றோ?

ஆனால் பதம் பார்க்கும் சோறு பானையின் உட்புறத்துச் சோறாக இருத்தல் வேண்டும். விளிம்பில் ஒட்டிக் காய்ந்ததாக இருத்தல் ஆகாது. ஈண்டுத்தான் நம் கட்டுரையின் உயிர்நிலை உள்ளது.

கருவும் விளிம்பும்

தூத்துக்குடியில் 1973-ஆம் ஆண்டில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் முத்துச் சிப்பியினுள் உருண்டை மணியைப் பொருத்தி வளர்ப்பு முத்தை உண்டாக்கியதை அன்பர் அறிவர். அம்முத்தை அறுத்துப் பார்த்தால் நடுவே மனிதன் வைத்த மணி. அதனைச் சுற்றிச் சிப்பி பூசிய படலங்கள். புறத்தை மட்டும் கண்டு உள்ளும் அவ்வாறே என்று சொல்பவன் ஏமாறுவான். கடலடி ஸ்பைனலும் இத்தகையதே. கருவிற்கு ஒரு சரித்திரம். விளிம்பிற்கு வேறொரு சரித்திரம். அறுத்து மெருகிட்ட மணியின்மீது எலெக்டிரான் கதிரைச் செலுத்தி, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள இடத்தின் இரசாயன அமைப்பையும் அளக்கும் கருவியைப் பாரீசில் காஸ்தேன் என்பார் அமைத்து, 1951-இல் தம் ஆராய்ச்சியுரையில் விளக்கினார். அதன்பிறகே கருவையும் விளிம்பையும் தனித்தனியே எண்ணால் வேறுபடுத்தல் கைகூடிற்று. அக்கருவியால் இரும்பின் மொத்த அளவு தெரியும். அதில் ஈரிணைப்பு எவ்வளவு, மூவிணைப்பு எவ்வளவு என்பது தெரியாது. நான்கு பிராணவாயுவிற்கு மூன்று உலோக அணு என்னும் வீட்டின் விதியைக் கொண்டு அதனைக் கணக்கிட்டே பெறுகின்றனர்.

கருவும் விளிம்பும் வேறுபடுதற்கு மூன்று காரணங்கள் உள.

முதலாவது, மணி வளரும்போதே அதனைச் சூழ்ந்த குழம்பு மாறுதல். பசால்ட்டுக் குழம்பில் ஸ்பைனல் முதன்முதல் தோன்றும் பொருள்களில் ஒன்று. பின்னர்ப் பிளாஜியோகிளேஸ் என்னும் வெண்ணிறக் கனிப்பொருள் படியத் தொடங்கின் அது அலுமினியத்தை ஈர்த்துக்கொள்ளும். ஆகவே அப்போது பூசப்படும் ஸ்பைனல் விளிம்பில் அலுமினியம் குறையும். குழம்பு இன்னும் முதிர்ந்தால் இரும்பும் டைட்டானியமும் மிகுந்து, விளிம்பு டைட்டானியம் கலந்த மாக்னடைட்டாகவே மாறிவிடும். ஒலிவீன் என்னும் பச்சை மணியினுள் அடைபட்ட ஸ்பைனல், குழம்போடு தொடர்பு அற்றமையால் இம்மாறுதல்களுக்குப் பெரிதும் தப்பும். பெரிடோட்டைட்டினுள் ஊடுருவிச் சென்ற குழம்பும் அங்குள்ள ஸ்பைனலில் டைட்டானியத்தை ஏற்றிச் செல்லும். உருகி எஞ்சிய தூய பாறையின் ஸ்பைனலில் டைட்டானிய ஆக்ஸைடு பெரும்பாலும் நூற்றுக்கு 0.2 பங்கினும் குறைவாகவே இருப்பதால், அதன் மிகுதி வந்துபோன விருந்தினரைக் காட்டிக்கொடுக்கும்.

இரண்டாவது, உறைந்தபின் நிகழும் பண்டமாற்று. பாறை குளிரும்போது ஸ்பைனல் தன் மக்னீசியத்தை அண்டையிலுள்ள ஒலிவீனுக்குக் கொடுத்து, அதனிடமிருந்து ஈரிணைப்பு இரும்பைப் பெறும். இம்மாற்றம் ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பரவும். சிறிய மணிகளில் முழுவதும் பரவிவிடும். பெரிய மணிகளில் நடுப்பகுதியை எட்டுமுன் பாறை குளிர்ந்துவிடும். எவ்வளவு தூரம் பரவிற்று என்பதைக் கொண்டு பாறை குளிர்ந்த வேகத்தைக் கணிக்கலாம். குரோமியமும் அலுமினியமும் இவ்வளவு எளிதில் நகர்வதில்லை. ஆதலின் ஒரே மணியில், மக்னீசியமும் இரும்பும் குளிர்ந்த கதையைச் சொல்ல, குரோமியமும் அலுமினியமும் உருகிய கதையைச் சொல்லும்.

மூன்றாவது, கடல்நீரின் வேலை. விரிசல்களின் வழியே இறங்கும் நீர் ஒலிவீனைச் செர்ப்பன்டைன் என்னும் மெல்லிய வழவழப்பான பொருளாக மாற்றுகின்றது. நீரோடு வினைப்பட்ட ஸ்பைனலின் ஓரம் அலுமினியத்தையும் மக்னீசியத்தையும் இழந்து, குரோமியமும் இரும்பும் செறிந்த பெர்ரிட்குரோமைட்டு வளையமாகும்; அதற்கும் புறத்தே மாக்னடைட்டு வளையம் சூழும். எலெக்டிரான் படத்தில் கனமான அணுக்கள் மிகுந்த இடம் வெளிறித் தோன்றும். ஆகவே கரு கருஞ்சாம்பலாகவும், முதல் வளையம் வெளிறியும், புறவளையம் மிக வெண்மையாகவும் காணும்.

இவ்வேறுபாட்டை அறியாதான் விளிம்பை அளந்து கணக்கிட்டால் நேரும் கேட்டினை ஓர் உதாரணத்தாற் காண்போம். ஒரு மணியின் கருவில் குரோமிய விகிதம் 0.3 என்றும், நீரால் மாறிய விளிம்பில் 0.6 என்றும் கொள்வோம். கருவைக் கொண்டு கணித்தால் பாறை நூற்றுக்கு 12 பங்கு உருகிற்று என வரும். விளிம்பைக் கொண்டு கணித்தால் 19 பங்கு என வரும். முன்னது உண்மை, பின்னது கடல்நீர் பின்னால் எழுதிய பொய்க்கணக்கு. கருவியில் குறையில்லை, சூத்திரத்திலும் குறையில்லை, அளந்த இடமே பிழை. ஒரு மணியில் ஏழு பங்கு வேறுபாடு எனின், ஒரு மலைத்தொடர் முழுவதற்கும் அவ்வாறு கணக்கிட்டால் பூமியின் உட்பகுதியையே தவறாக உணர நேரும்.

காந்தச் சுவடும் உயிரின் உணவும்

இக்குடும்பத்தின் இரும்பு உறுப்பினர் செய்த பேருதவி ஒன்று உண்டு. பசால்ட்டிலுள்ள டைட்டானிய மாக்னடைட்டு, பாறை குளிரும்போது அக்காலத்துப் பூமியின் காந்தத் திசையைப் பற்றிக்கொள்ளும். பூமியின் காந்தம் காலந்தோறும் தலைகீழாய் மாறுவதால், மலைத்தொடரின் இருமருங்கும் கடலடியில் நேரும் எதிருமான பட்டைகள் அமைகின்றன. 1962-இல் 'ஓவன்' என்னும் ஆங்கிலக் கப்பல் கார்ல்ஸ்பர்க் தொடரின்மீது எடுத்த காந்த அளவைகளை ஆதாரமாகக் கொண்டு, வைன், மாத்யூஸ் என்னும் இருவர் 1963-ஆம் ஆண்டில் இவ்வுண்மையை வெளியிட்டனர். கண்டங்கள் நகர்கின்றன என்னும் கொள்கைக்கு அசைக்கவியலாத சான்று ஒன்று நம் அரபிக்கடலிலிருந்து கிடைத்தது என்பது நாம் மகிழத்தக்க செய்தி.

செர்ப்பன்டைன் உண்டாகும் வினையிலும் மாக்னடைட்டு பிறக்கின்றது. ஒலிவீனிலுள்ள இரும்பு நீரின் பிராணவாயுவைக் கவர்ந்து மாக்னடைட்டாக, நீரிலிருந்து ஹைடிரஜன் விடுபடும். அந்த ஹைடிரஜனை உணவாகக் கொண்டு வாழும் நுண்ணுயிர்கள் ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளில் உள்ளன. 2000-ஆம் ஆண்டில் மத்திய இந்து மகாசமுத்திரத் தொடரிற் கண்ட 'கைரெய்' என்னும் ஊற்றுத் தலம் ஹைடிரஜன் மிகுந்தது. ஆகவே பாறையிற் புதிதாய்ப் பிறந்த மாக்னடைட்டு, கதிரவன் ஒளி புகாத ஆழத்தில் உயிர்களுக்கு அளிக்கப்பட்ட உணவின் கணக்கேடு எனலாம்.

தமிழ்நாட்டில் ஒரு சான்று

ஆழ்கடற் கல் நம் மாணவர்க்கு எளிதிற் கிட்டாது. எனினும் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில், கருங்கல்பட்டியை அடுத்து, வெண்ணிறப் பாறைகளிடையே கரிய குரோமைட்டு அடுக்குகளைக் கண்ணாரக் காணலாம். அவை ஏறக்குறைய 250 கோடி ஆண்டுப் பழமையுடையன. 1956-இல் ஏ. பி. சுப்பிரமணியம் அப்பாறைத் தொகுதியைப் பற்றி விரிவான ஆராய்ச்சியை வெளியிட்டார். மிக்க வெப்பத்திற்கும் அழுத்தத்திற்கும் பின்னர் உட்பட்டமையால், அவ்வடுக்குகளின் மணிகளைப் படிப்பதற்கும் கரு எது, விளிம்பு எது என்னும் விவேகமே முதற்கருவி. அந்தமான் தீவுகளின் ரட்லண்டுத் தீவில், நிலத்தின்மேல் ஏறிய பழங்கடலடிப் பாறைகளிலும் குரோமிய ஸ்பைனல் உண்டு.

எண்ணிப் பார்க்கவேண்டுவது

இவ்வளவும் வெறும் ஏட்டறிவன்று. கடலடியிலுள்ள உலோகச் செல்வத்தை நாடுவதற்கு நம் தேசம் முற்பட்டுள்ளது. இந்து மகாசமுத்திரத் தொடர்களில் கந்தகத்தோடு கூடிய உலோகப் படிவுகளை ஆராய்வதற்காக, 2016-ஆம் ஆண்டில் சர்வதேசக் கடலடி ஆணையத்துடன் இந்திய அரசாங்கம் ஒப்பந்தம் செய்துகொண்டது. அப்படிவுகளும், அவற்றின்மீது வாழும் உயிர்களும், அவ்வுயிர்களுக்கு உணவூட்டும் பாறைகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை. எங்கு வெந்நீர் ஓடிற்று, எவ்வளவு ஓடிற்று என்பதனை அறிவிக்கும் சாட்சிகளுள் ஸ்பைனலின் விளிம்பும் ஒன்று. அச்சாட்சியைத் தவறாகக் கேட்டால், தீர்ப்பும் தவறாகும்.

இதில் நம் கரைக்கு ஒரு பழம்பாடம் உண்டு. முத்துக்குளிப்பை அறிவிக்குமுன், பார்களைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, முத்தை மதிப்பிட்ட பின்னரே குளிக்க ஆணை பிறப்பிப்பது இங்கு வழக்கமாயிருந்தது. அவ்வளவு காவல் இருந்தும், 1961-ஆம் ஆண்டிற்குப் பின் தூத்துக்குடிப் பார்களில் முத்துக்குளிப்பு நிகழவில்லை. சில ஆண்டுகளில் வளரும் சிப்பியின் நிலையே இதுவாயின், மெல்ல மெல்ல அமையும் ஆழ்கடல் ஊற்றுகளின் திறத்தில் எத்துணை எச்சரிக்கை வேண்டும்!

விலையுயர்ந்த முத்து ஒன்றைக் கண்ட வணிகன் தனக்குள்ளவற்றையெல்லாம் விற்று அதனைக் கொண்டான் என்பது நம் கல்லூரியார் நன்கறிந்த உவமை. கொள்வதற்குமுன் அதன் மதிப்பை அறிந்தவனாதலால் அவன் அவ்வாறு செய்தான். இரசாயனமும் பூகர்ப்ப சாஸ்திரமும் கற்கும் மாணவர், கடலடிச் செல்வத்திற்கு விலை பேசுவோர் முன்னே, அதன் உள்ளும் புறமும் அளந்து சொல்லவல்லவர்களாய் விளங்குவாராக. அவ்வாற்றல் ஒரு சிறு மணியின் கருவையும் விளிம்பையும் பிரித்தறிவதிலிருந்து தொடங்குகின்றது.